வட்டத்தை அளந்த இராமானுஜன்

இலக்கிய வட்டம் எனப் பெயர் பூண்டு பத்தாண்டு கண்ட நாம், வட்டத்தின் இயல்பை ஆராய்ந்த ஒரு தமிழரை இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமே. வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் அதன் சுற்றளவை விட்டத்தால் வகுக்கக் கிட்டும் எண் ஒன்றே. ‘பை’ எனக் கணிதர் வழங்கும் அவ்வெண் 3.14159 எனத் தொடங்கி முடிவின்றி நீள்வது. அம்முடிவின்மையை மனக்கண்ணால் அளந்து காட்டியவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்த அவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் தவிர்ந்த பாடங்களில் நாட்டமின்மையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், பட்டமும் பெறவில்லை. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1910இல் பிழைப்புக்கு வழிதேடித் திருக்கோவிலூர் வந்தார். நம் மரக்காணமும் அவ்வூரும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்தவை. அங்கே துணை ஆட்சியராக இருந்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர். தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை வேண்டினார் இராமானுஜன். குறிப்பேட்டைப் புரட்டிய ஐயரோ அப்பேரறிவை அவ்வேலையில் முடக்க மனமின்றி, சென்னை அன்பர்களுக்குக் கடிதம் தந்து அனுப்பினார். கேட்டதைக் கொடாமையே அங்குக் கொடையாயிற்று.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். மறு ஆண்டு அச்சங்கத்தின் இதழில், வட்டத்துக்கு நிகரான சதுரம் வரைவது பற்றிச் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். வரைகோலும் கவராயமும் கொண்டு அதனைத் துல்லியமாக வரைதல் இயலாதென 1882இலேயே லிண்டமன் என்னும் ஜெர்மானியர் நிறுவியிருந்தார். எனவே பையை மிக நெருங்கிய 355/113 என்னும் பின்னத்தைக் கோடுகளால் வரைந்து காட்டினார் இராமானுஜன். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் ஆயினும், வரையும் சதுரத்தின் பக்கம் உண்மையளவினும் ஏறத்தாழ ஓர் அங்குலமே மிகும் எனக் கணித்தார். அன்றைய சென்னை மாகாணத்தின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவே. உப்பளத்தில் வரப்புக் கட்டும் நம்மூரார்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்: மாகாணம் முழுவதையும் ஒரே பாத்தியாக்கினாலும் ஒரு பக்கத்தில் நேரும் பிழை ஓர் அங்குலம்!

1914இல் ஹார்டியின் அழைப்பை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அவ்வாண்டே பைக்கு 17 தொடர்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில், ஒவ்வோர் உறுப்பைக் கூட்டும்போதும் ஏறத்தாழ எட்டு இலக்கங்கள் புதிதாகச் சரியாகின்றன. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26இல், தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

அத்தொடரைக் கணிப்பொறியில் இட்டு 1985இல் 1 கோடியே 75 இலட்சம் இலக்கங்களைக் கண்டார் அமெரிக்கரான காஸ்பர். பின்னர் சுட்னோவ்ஸ்கி உடன்பிறந்தார் அதே நெறியில் அமைத்த தொடரால், 2022இல் 100 இலட்சம் கோடி இலக்கங்கள் கணிக்கப்பட்டன. எண்ணோ இன்னும் முடிந்தபாடில்லை.

எல்லையற்றதை ஓர் அங்குலத்தில் உணர்த்திய அவர் வழி, சொல்லைச் சுருக்கிப் பொருளைப் பெருக்கும் கவிஞர்க்கு அயலானதன்று. திருக்கோவிலூரில் ஒருவர் பொறுமையோடு குறிப்பேட்டைப் புரட்டியதால் உலகம் பெற்றது பெரிது. நம் வட்டத்தை நாடிக் கையில் ஏட்டோடு வரும் இளைஞர்க்கும் நாம் அப்பொறுமையைக் கடன்பட்டுள்ளோம்.