பறவை பார்த்த வேளாண் செயலர்

ஏ.ஓ. ஹியூம் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1885-இல் காங்கிரஸ் உருவாகக் காரணமானவர் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையும் எழுதியிருப்பீர்கள். அதே மனிதர்தான் ஆங்கிலேய இந்தியாவில் வேளாண்மைக்கென முதன்முதலில் அமைந்த துறைக்குச் செயலராக இருந்தவர். இந்தியப் பறவையியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரும் அவர்தான்.

1829-இல் பிறந்த ஹியூம், 1849-இல் ஆட்சிப் பணிக்காக இந்தியா வந்தார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள எட்டாவா மாவட்டத்தில் பணியாற்றியபோது ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். பறவைகளைச் சேகரிக்கவும் தொடங்கினார். 1857 கிளர்ச்சியில் அந்தச் சேகரிப்பு அழிந்துபோனது. மனம் தளராமல் மறுபடியும் ஆரம்பித்தார்.

1867-இல் உப்புச் சுங்கத்துறை ஆணையரானார். உப்புக் கடத்தலைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு அரசு முள்வேலி போட்டிருந்த காலம் அது. ஏழையின் கஞ்சியிலும் வரி வைத்த வேலி அது. வெட்டிப் போட்ட காய்ந்த முள்ளைக் கரையான் அரித்தது, தீ எரித்தது, புயல் தூக்கிப் போனது. அந்தந்த மண்ணுக்கு ஏற்றபடி கருவேலம், இலந்தை, களா, கள்ளி என்று நட்டு அதை உயிர்வேலியாக மாற்றும் வேலையை ஹியூம் முன்னெடுத்தார். அந்தப் பணிக்காகச் சுற்றிய இடங்களிலெல்லாம் பறவைக் குறிப்புகளையும் எழுதிவைத்தார்.

1871-இல் மேயோ பிரபு வருவாய், வேளாண்மை, வணிகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு துறையை உருவாக்கி, ஹியூமைச் செயலராக்கினார். வேளாண்மை முதலிடம் பெறும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் வரி வசூலே முந்திக்கொண்டது. 1879-இல் ஹியூம் வேளாண் சீர்திருத்தம் பற்றி ஒரு நூல் எழுதினார். களை எடுப்பதிலும் பருவம் பார்த்து விதைப்பதிலும் இந்திய உழவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது அவர் கருத்து. விறகு இல்லாமல் சாணத்தை எரிப்பதால் நிலத்துக்கு எரு கிடைக்காமல் போகிறது என்பதை எடுத்துக் காட்டினார். ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் மரம் வளர்க்கச் சொன்னார். கடனில் சிக்கிய உழவர் நீதிமன்றத்தில் நிலத்தை இழப்பதையும் கண்டித்தார். மேலிடத்தை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர் அதே ஆண்டு பதவியிலிருந்து இறக்கப்பட்டார். துறையும் கலைக்கப்பட்டது.

இதற்கிடையே சிம்லாவில் அவர் வீடே பறவை அருங்காட்சியகமாக வளர்ந்திருந்தது. 1872-இல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற பறவை இதழைத் தொடங்கினார். நாட்டின் பல மூலைகளிலிருந்து அலுவலர்களும் பறவை ஆர்வலர்களும் தாங்கள் கண்டதை அவருக்கு எழுதி அனுப்பினார்கள். அவரே அந்தமான், நிக்கோபார், மணிப்பூர் வரை போய்வந்தார். எல்லாவற்றையும் சேர்த்து இந்தியப் பறவைகளுக்கு ஒரு பெருநூல் எழுதுவது அவருடைய கனவு.

1880-களில் ஒருமுறை வெளியூர் போய்விட்டுச் சிம்லா திரும்பியவருக்கு இடி விழுந்தது போன்ற செய்தி காத்திருந்தது. வீட்டுப் பணியாள் ஒருவர் அந்தக் கையெழுத்துப் பிரதிகளை எடுத்துக் கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டிருந்தார். கால் நூற்றாண்டு உழைப்பு பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. பெருநூல் எழுதும் எண்ணத்தை ஹியூம் கைவிட்டார். தோல்களும் முட்டைகளுமாகச் சுமார் 82,000 மாதிரிகளை 1885-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் வேட்டையையும் இறைச்சியையும் விட்டார். இங்கிலாந்து திரும்பித் தாவரங்களில் ஈடுபட்டவர், 1912-இல் காலமானார்.

இதில் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே பிரதியாக இருந்தது தொலைந்தது. இதழில் அச்சாகிப் பலர் கைக்குப் போனது இன்றும் இருக்கிறது. ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

உங்கள் வயலில் கரிச்சான் எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில் அதிகம் வந்து உட்காருகிறது? உழும்போது ஏரின் பின்னால் கொக்கு வருவது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? ஆந்தை அலறும் வயலில் எலித்தொல்லை எப்படி இருக்கிறது? இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அதுவும் ஒற்றைப் பிரதிதான். துப்பாக்கி வேண்டாம், ஒரு நோட்டு போதும். தேதி, பயிர், பறவை, பூச்சி என நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். பிள்ளைகளிடமும் பக்கத்து வயல்காரரிடமும் காட்டுங்கள்.

களப்பணியாளர்களே, உழவர் சொல்வதைக் கேட்கும்போது சொன்னவர் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் போய்விட்டால், அவர் அறிந்ததைத் தேட எந்தக் கடைத்தெருவும் கிடையாது.