வழி திறந்த சீனிவாசனார்

ஊரின் நடுவே ஒரு தெரு. தெருவின் ஓரத்தே ஒரு கிணறு. பொதுப்பணத்தைக் கொண்டே தெரு அமைந்தது. பொதுப்பணத்தைக் கொண்டே கிணறும் வெட்டப்பட்டது. ஆயினும், அத்தெருவில் நடக்கவும் அக்கிணற்றில் நீர் முகக்கவும் ஊராருள் ஒரு சாரார்க்கு உரிமை இல்லை. நூறாண்டுகட்கு முன்னர்த் தமிழகத்தின் பல ஊர்களில் நிலவிய நிலை இதுவே. இக்கொடுமையைப் போக்கச் சட்டத்தின் துணையை நாடி, இளமை முதல் முதுமை வரை உழைத்தவர் இரட்டைமலை சீனிவாசனார்.

சீனிவாசனார் செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-ஆம் ஆண்டு பிறந்தார். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த அவர், கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அங்கே பயின்ற ஏறத்தாழ 400 மாணவருள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் உயர்குலத்தினர். தம் குலம் இன்னதென்று தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்னும் அச்சம் அவரை நாளும் வாட்டியது. மணி அடிக்கும் வரையில் பள்ளிக்கு வெளியே ஒதுங்கி நிற்பார். வகுப்பு முடிந்ததும் உடன்பயில்வோர் தம்மை நெருங்காதபடி விரைந்து வீடு சேர்வார். பாடம் அவரை அஞ்சச் செய்யவில்லை. பிறப்பைப் பற்றிய கேள்வியே அஞ்சச் செய்தது.

கல்விக்குப் பின்னர் அவர் நீலகிரியில் ஒரு வணிக நிறுவனத்திற் கணக்கராகப் பணிபுரிந்தார். 1890-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். ஊர்தோறும் சென்று தம் மக்களின் நிலையை நேரிற் கண்டார். உழுவதற்கு நிலம் இல்லை. படிப்பதற்குப் பள்ளி இல்லை. முறையிடுவதற்கு மன்றமும் இல்லை. இவற்றினும் பெருங்குறை ஒன்று உண்டு என அவர் உணர்ந்தார். தம் பெயரைச் சொல்ல நாணும் மக்கள் தம் உரிமையைக் கேட்க முன்வருவது அரிது. ஆதலின், 1893-ஆம் ஆண்டு தாம் தொடங்கிய இதழுக்குத் தம் குலப்பெயரையே சூட்டிப் ‘பறையன்’ என வெளியிட்டார். குலம் வெளிப்படுமோ என்று அஞ்சி ஒதுங்கி நின்ற மாணவன், அப்பெயரையே முகப்பில் அச்சிட்டு ஊரறியச் செய்தான்! அவ்விதழ் ஏழாண்டுகள் நடைபெற்றது.

அந்நாளில் இந்தியாவின் உயர் ஆட்சிப் பணிக்குரிய தேர்வு இலண்டனில் மட்டுமே நடைபெற்று வந்தது. அதனை இந்தியாவிலும் நடத்துதல் வேண்டும் எனத் தேசத் தலைவர்கள் கோரினர். கோரிக்கை நேரியதே எனப் பலரும் கருதினர். சீனிவாசனாரோ வேறு வகையில் எண்ணினார். கல்விக்கதவு அடைக்கப்பட்ட மக்கள் எங்ஙனம் தேர்வு எழுதுவர்? தெருவில் நடக்கவிடாதவரே அதிகாரியாகவும் வந்து அமர்ந்தால், ஏழைகள் யாரிடம் முறையிடுவர்? இவ்வாறு எண்ணி, மூவாயிரவர்க்கு மேற்பட்டோரின் கையொப்பத்தைப் பெற்று, நூறு அடிக்கு மேல் நீண்டதொரு விண்ணப்பத்தை ஆங்கில நாட்டுப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அவர் கருத்தை மறுத்தோர் பலர். எனினும், எல்லார்க்கும் ஒன்றெனத் தோன்றும் விதி, எல்லார்க்கும் ஒரே பயனைத் தருவதில்லை என்னும் உண்மையை அவ்விண்ணப்பம் உணர்த்தியது.

அரசின் ஆணை ஏழைக்குத் துணையாதலும் உண்டு. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஃகீர் என்பவர், அங்கு வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களின் வறுமையை 1891-ஆம் ஆண்டு அரசுக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892-ஆம் ஆண்டு, அம்மக்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்நிலம் பிறர் கைக்கு மாறலாகாது என விதியும் வகுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்பது இதுவே. ஆயினும், கண்காணிப்பார் இன்மையால் அந்நிலத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் பிறர் கைக்கே சென்றது. ஏட்டில் உள்ள விதியைக் காப்பார் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

பின்னர்ச் சீனிவாசனார் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று, அங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். தாயகம் திரும்பிய அவர், 1923-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். அப்பொழுது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். ஓய்வு கொள்ளும் பருவத்திலேதான் அவர்தம் வாழ்வின் தலையாய பணி தொடங்கியது.

1924-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச்சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் முதலியவற்றை எவரும் பயன்படுத்தலாம். சாதியைக் காட்டி எவரையும் தடுத்தல் கூடாது என்பதே அதன் சாரம். மன்றம் அதனை ஏற்றது. அடுத்த திங்களில் அரசாணையும் வெளிவந்தது. அவ்வாணை அரசிதழில் இடம்பெற்றதோடு அமையாது, ஊர்தோறும் பறையறைந்து அறிவிக்கப்படவும் ஏற்பாடாயிற்று. எழுத்தறியாதார் மிகுந்த நாட்டில், செவியிற் படாத சட்டம் இல்லாத சட்டமே அன்றோ? ஊர்ச் செய்திகளையெல்லாம் பிறர்பொருட்டுப் பறையறைந்து அறிவித்துவந்தவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களே. இப்பொழுது அப்பறை அவர்தம் உரிமையையே முழங்கியது.

பறை முழங்கியதும் தடைகள் யாவும் தகர்ந்தன என எண்ணுதல் தவறு. அவ்வாண்டின் இறுதியிலேயே, அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டின் கல்பாத்தித் தெருவில் நடந்த ஈழவர் தடுக்கப்பட்டனர். ஆணை ஒரு நாளில் பிறக்கும். வழக்கம் ஒரு நாளில் மடிவதில்லை. ஆயினும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. முன்னர் நடந்தவன் குற்றவாளி எனப்பட்டான். இப்பொழுது தடுத்தவன் சட்டத்தை மீறியவன் ஆனான். நியாயத்தின் பக்கம் சட்டம் வந்து நின்றது.

1930-ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில், டாக்டர் அம்பேத்கருடன் சீனிவாசனாரும் தாழ்த்தப்பட்டோரின் பேராளராகக் கலந்துகொண்டார். 1932-ஆம் ஆண்டு ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டார். அவ்வொப்பந்தம் மாகாணச் சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கு 148 இடங்களை ஒதுக்கியது. அவற்றுள் 30 இடங்கள் சென்னை மாகாணத்துக்கு உரியன. மனுக் கொடுத்து வெளியே காத்து நின்ற மக்கள், மன்றத்தினுள் அமர்ந்து சட்டம் இயற்றும் உரிமையைப் பெற்றனர்.

சீனிவாசனார் 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். தீண்டாமையை ஒழித்த இந்திய அரசமைப்பு 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இவ்விரண்டையும் காண அவர் உயிரோடு இல்லை; ஆயினும், இவற்றுக்கு வழி வகுத்தோருள் அவரும் ஒருவர்.

சட்டம் கதவைத் திறக்கும். அதனுள் நுழைவாரை உடன்பிறந்தாராக ஏற்பது மாந்தர் மனத்தின் கடமை. பொதுத்தெருவில் அச்சமின்றி நடக்கும்போது, அவ்வழியைத் திறக்க உழைத்த முதியவரை நினைத்தல் நம் கடன். பிறர் நடக்கும் வழியை அடைக்காதிருத்தலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.