மெட்ரிக்கில் ரெண்டு தடவை ஃபெயில், அப்புறம் ஃபோலிக் அமிலம்

ஸ்கூல் படிக்கும்போது வாரம் ஒரு தடவை டீச்சர் கொடுத்த நீல மாத்திரை ஞாபகம் இருக்கா? அதில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருந்தது. காயல்பட்டினம் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையிலும் அதே ஃபோலிக் அமிலம்தான். அதை ஆலையில் செய்ய வழி கண்டுபிடித்த குழுவின் தலைவர், நம்ம சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-இல் பீமவரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திரா, அப்போது மெட்ராஸ் மாகாணம். வீட்டில் வறுமை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். பிடித்துக் கூட்டி வந்து படிக்க வைத்தார்கள். மெட்ரிக்குலேஷனில் ரெண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து பாஸ் பண்ணினார். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்!

அடுத்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னதைக் கேட்டு, ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கைக்கு வரவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இதற்கிடையில் வீட்டில் பெரிய இடி. அவருடைய சகோதரர்கள் ரெண்டு பேர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. சாப்பிடுகிற சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் போய், வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக உடம்பு உருகிவிடும். அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது. இதை மனசில் வச்சுக்கோங்க, மறுபடியும் வரும்.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். இளம் மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். பாஸ்டனில் ராத்திரி மருத்துவமனையில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை உருவாக்கினார். பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு சேர்த்து ஒடுக்கினால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட் அவ்வளவு. 1925-இல் வெளியான இந்த ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் போனது.

அளக்க வழி கிடைத்ததும் தசைக்குள் தேட ஆரம்பித்தார்கள். 1927-இல் பாஸ்போகிரியாட்டின், 1929-இல் ஏடிபி. செல்லின் ரொக்கப் பணம் என்று பிளஸ் டூ உயிரியலில் படித்தோமே, அதே ஏடிபிதான். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். 1930-இல் சுப்பாராவுக்கு ஹார்வர்டின் பிஎச்.டி. கிடைத்தது, நிரந்தர வேலை மட்டும் கிடைக்கவே இல்லை. அவர் கண்டுபிடித்த வேறு சில பொருட்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியே விடவில்லை, பல வருஷம் கழித்து மற்றவர்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, அதே ஆய்வகத்தில் படித்துப் பின்னால் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார்.

1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநரும் ஆனார். கல்லீரலில் ரத்தசோகையைத் தீர்க்கிற ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அப்போது தெரியும். லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930 வாக்கிலேயே, பம்பாயில் ரத்தசோகை வந்த கர்ப்பிணிகளை ஈஸ்ட் சாறு கொடுத்துத் தேற்றிக் காட்டியிருந்தார். அந்த ஏதோ ஒன்றுதான் ஃபோலிக் அமிலம். 1945-இல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகவே தயாரித்தது. டன் கணக்கில் கல்லீரலைப் பிழிய வேண்டிய அவசியம் போனது. அதைக் கொடுத்த ஸ்ப்ரூ நோயாளிகள் தேறினார்கள். சகோதரர்கள் போய் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

கதை இங்கே முடியவில்லை. ஃபோலிக் அமிலம் உடம்புக்குள் போனதும் ஒரு கோஎன்சைமாக மாறி, டிஎன்ஏ செய்வதற்கு ஒற்றைக் கார்பன் துண்டுகளைச் சுமந்து கொடுக்கும். வேகமாகப் பெருகுகிற புற்றுநோய் செல்லுக்கு இது நிறையவே தேவை. அப்படியானால் பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் போலவே இருந்து வேலை செய்யாத ஒன்றைக் கொடுத்தால்? பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் கள்ளச்சாவி மாதிரி, நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். லெடர்லி செய்து கொடுத்த அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948-இல் அது பெரிய செய்தி. அதன் தம்பிதான் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட்.

யானைக்கால் நோய்க்கு அரசாங்கம் ஊர் ஊராகக் கொடுத்த டிஇசி மாத்திரையும் 1947-இல் அவர் குழு கொடுத்ததுதான். முதல் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசின், பெஞ்சமின் டக்கர் என்ற வயதான தாவரவியலாளரை அவர் வேலைக்கு வைத்ததால் கிடைத்தது.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். போனவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த மகன் சில மாதங்களிலேயே இறந்துவிட்டான், அவனை அவர் பார்த்ததே இல்லை. நோபலும் வரவில்லை. 1995-இல், நூற்றாண்டுக்கு, இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது.

நம்மில் பல பேருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் இதைப் படிக்கிற இந்த நிமிஷமும் உங்க தசைக்குள் ஏடிபி செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது.