குறி வைத்துக் கடல் கடந்தார் மிகிர் சென்

நாஞ்சில் நாட்டிலே ஊருக்கு ஒரு குளம் உண்டு. வயலுக்கு ஒரு வாய்க்கால் உண்டு. சிறுவர்கள் குதித்துக் குதித்தே நீந்தப் பழகிவிடுகிறார்கள். ஆனால் 20 வயது நெருங்கியும் சரியாக நீந்தத் தெரியாத ஒருவர், பிற்காலத்தில் கடல்களையே நீந்திக் கடந்தார் என்றால் நம்புவீர்களா?

அவர்தான் மிகிர் சென். 1930-ம் ஆண்டு புருலியாவில் ஓர் வங்காளிக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படிக்க லண்டன் சென்றார். 1950-ம் ஆண்டு அமெரிக்கப் பெண்மணி புளோரன்ஸ் சாட்விக் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியைப் படித்தார். நாமும் கடப்போம் என்று உறுதி கொண்டார்.

உடனே கடலில் குதித்துவிடவில்லை. முதலில் லண்டன் ஒய்.எம்.சி.ஏ.யில் முறையாக நீந்தக் கற்றார். பிறகுதான் கால்வாய்க்குப் போனார். அங்கே தோல்வி! ஆனாலும் குறியை விடவில்லை. 1958 செப்டம்பர் 27-ந் தேதி, 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்தார். அதைக் கடந்த முதல் இந்தியர் அவரே.

தனுஷ்கோடிக் கரையில்

அடுத்த குறி இன்னும் பெரியது. ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளைக் கடக்க வேண்டும்! முதலாவது நம் பாக் நீரிணை. கடற்படைத் துணைக்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. பாதிதான் சேர்ந்தது. மீதிக்குப் பிரதமர் இந்திரா காந்தி உதவினார்.

1966 ஏப்ரல் 5-ந் தேதி தலைமன்னாரில் இறங்கினார். சுகன்யா, சாரதா என்ற இரு கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன. பகலும் இரவும் நீந்தினார். 25 மணி 36 நிமிடத்துக்குப் பின், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் கரையைத் தொட்டார்.

ஆகஸ்டில் ஜிப்ரால்டர், செப்டம்பரில் டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், அக்டோபரில் பனாமா கால்வாய். ஐந்தும் முடிந்தன!

மனம் செய்யும் வேலை

இதில் மனோதத்துவ உண்மை ஒன்று இருக்கிறது. முடிந்தவரை செய் என்று சொல்வதைவிட, தெளிவான, சற்றே கடினமான குறியைக் கொடுத்தால் மனிதன் அதிகம் சாதிக்கிறான். எட்வின் லாக் என்ற அமெரிக்க அறிஞர் 1968-ல் இதை எடுத்துக் காட்டினார். எந்தக் கடல், எந்த ஆண்டு என்று மிகிர் சென் திட்டமாக வைத்திருந்தார் அல்லவா?

கடைசிக் காலம் துன்பமாயிற்று. தொழில் நொடித்தது. நினைவு மங்கியது. 1997 ஜூன் 11-ந் தேதி காலமானார். ஆனால் அவர் கடந்த தூரத்தை யாராலும் அழிக்க முடியாது.

பெற்றோர்களே! நன்றாக விளையாடு என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இந்த வாரம் அந்தப் படித்துறை வரை, அடுத்த வாரம் அக்கரை வரை என்று குறி வைத்துக் கொடுங்கள். நீந்தும்போது நீங்களும் கூடவே இருங்கள். மிகிர் சென்னுக்கும் கப்பல்கள் துணை இருந்தன!