நாடகத் தமிழ் வளர்த்த சங்கரதாச சுவாமிகள்

பங்குனி பிறந்து கோயில் விழாக்கள் தொடங்கிவிட்டால் மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலே நாடகக் காலமும் தொடங்கிவிடும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் விடியும்வரை நடைபெறும். நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். வள்ளியாக வருபவர் ஓரூர். நாரதராக வருபவர் வேறூர். ஒத்திகை எதுவுமின்றி மேடையிலே சந்தித்து, வாதிட்டுப் பாடிப் பிரிந்து செல்வர். அனைவரும் கற்ற பாடம் ஒன்றாயிருத்தலினாலேயே இஃது இயலுகின்றது. அப்பாடத்தை வகுத்தளித்த பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவேன்.

சங்கரதாச சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7 ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே, தாமோதரனாரின் மகனாகத் தோன்றினார். தந்தையாரே முதலாசிரியர். பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங்களை ஐயந்திரிபறக் கற்றார். வெண்பாவும் விருத்தமும் கருதிய பொழுதிற் பாடும் ஆற்றல் அங்கே கைவந்தது. சிலகாலம் உப்புப் பண்டகசாலையொன்றிலே கணக்கராயிருந்து, தமது 24 ஆம் வயதிலே நாடக மேடையை நாடினார்.

அக்காலத்திலே நாடகத்தைக் கற்றோர் இழிவாகவே கருதினர். நடிகரும் எழுதிய உரையாடலின்றி வாய்க்கு வந்தவாறு பேசுதல் உண்டு. முறையாகத் தமிழ் கற்ற புலவரொருவர் அம்மேடையில் ஏறியது அந்நாளிற் பெருந்துணிவே ஆகும்.

இயமன், சனீசுவரன், இரணியன், இராவணன் என அச்சந்தரும் வேடங்களே அவருக்கு வாய்த்தன. அவருடைய இயமன் தோற்றத்தைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தியின் கரு கலைந்தது என்றும், அதனால் வருந்தி வேடம் புனைதலை விட்டார் என்றும் வழிவழியாகக் கூறுவர். துறவுள்ளம் மேலிட யாத்திரை புரிந்தார். சுவாமிகள் என அழைக்கப்பெற்றார். புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியாபிள்ளையின் அன்புக்கு உரியவராகித் தாளநுட்பங்களை உணர்ந்தார். இதன் பயனை அவருடைய சந்தப் பாடல்களிற் காணலாம்.

1910 இலே சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். வளர்ந்த நடிகரிடம் காணாத ஒழுங்கைச் சிறுவரிடம் வளர்க்கலாம் எனக் கருதி, 1918 இலே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். அங்கே அவரிடம் பயின்றவருள் ஒருவரே அவ்வை தி. க. சண்முகம். அச்சிறுவர்க்காகச் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக ஓரிரவிலேயே எழுதி முடித்தார் என்பது சண்முகம் தந்த செய்தி.

அவர் இயற்றிய நாடகங்கள் 68 என்பர். புராணக் கதைகளோடு, சேக்சுபியரின் ரோமியோ யூலியத்து, சிம்பலைன் ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

1921 இலே முடக்குவாதம் அவரைத் தாக்கியது, நாவும் தளர்ந்தது. ஆயிரக்கணக்கான பாடல்களைத் தந்த புலவர், தாம் பயிற்றிய பிள்ளைகள் தம் பாடல்களைப் பாடுவதைக் கேட்டிருக்க மாத்திரமே வல்லரானார். 1922 நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியிலே உலகவாழ்வை நீத்தார். அவருடைய சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் உள்ளது.

ஈழத்துக்கும் இம்மரபு அந்நியமன்று. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல்கடந்து வந்து ஆடியமையால் யாழ்ப்பாணத்தில் இசைநாடகம் வேரூன்றியது. அது பிற்காலத்திலே நடிகமணி வி. வி. வைரமுத்து போன்ற கலைஞரைத் தந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926 இலே இணைந்து நடித்ததும் இவ்விலங்கை மேடையிலேதான்.

முத்தமிழ் என நாம் நாவாரக் கூறுகின்றோம். நாடகத் தமிழுக்கு நூல் யாதென மாணாக்கர் வினவினால், சிலப்பதிகார அரங்கேற்று காதையையும், பெயரளவில் எஞ்சி மறைந்துபோன கூத்து நூல்களையும் காட்டி அமைகின்றோம். நூறாண்டுக்கு முன் எழுதப்பெற்று, எழுத்தறியாதாரும் விடியவிடிய இருந்து கேட்கும் தமிழ் நம் பாடத்திட்டத்துக்குப் புறத்தே நிற்கின்றது. சுவாமிகளின் நாடகங்களுள் அச்சிற் கிடைப்பன சிலவே. ஏனையவை நடிகர்தம் நினைவையே நம்பியுள்ளன. முதிய நடிகர் மறையுந்தோறும் பாடல் சிலவும் உடன் மறையும். வள்ளி திருமணத்தின் ஒரு தருக்கப் பகுதியையேனும் உயர்வகுப்பு மாணாக்கருக்குப் பாடமாக்குதல் வேண்டும். ஆசிரியர்கள் தத்தம் ஊரிலுள்ள பழைய நடிகரை அணுகி, அவர்தம் நெஞ்சிலுள்ளவற்றை எழுதிப் பேணுதல் வேண்டும்.