காகிதத்தால் போர் புரிந்த பிரபு

1918-ம் ஆண்டு. முதல் உலக யுத்தத்தின் கடைசி ஆண்டு அது.

பிரான்சு நாட்டுப் போர்முனை. பதுங்கு குழிகளில் ஜெர்மன் சிப்பாய்கள் காத்துக் கிடந்தார்கள். மேற்குத் திசையில் இருந்து காற்று வீசியது. வானத்தில் ஏதோ மிதந்து வந்தது. அது விமானம் அல்ல. வெடிகுண்டும் அல்ல. காகிதத்தால் செய்த பலூன்!

பலூனில் இருந்து துண்டுக் காகிதங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. சிப்பாய்கள் ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள். சிலர் அவற்றை அதிகாரியிடம் கொடுத்தார்கள். சிலர் சட்டைப் பைக்குள் மறைத்துக் கொண்டார்கள்.

பீரங்கிக்கும் அஞ்சாத ஜெர்மன் தளபதி ஹிண்டன்பர்க், இந்தக் காகிதத்துக்கு அஞ்சினார். அதைப் படித்து ஏமாற வேண்டாம் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் தனி அறிக்கையே வெளியிட்டார்.

இந்தக் காகிதங்களை அனுப்பியவர் யார்? அவர் தளபதி அல்ல. போர்க்களத்தில் துப்பாக்கி பிடித்தவரும் அல்ல. அவர் ஒரு பத்திரிகை அதிபர். நார்த்கிளிப் பிரபு என்பது அவர் பெயர்.

மூத்த பிள்ளை

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த். 1865-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகருக்கு அருகில் பிறந்தார். அவருக்கு 2 வயதாக இருக்கும்போது குடும்பம் லண்டனுக்குக் குடியேறியது.

தந்தை வக்கீல். நல்ல மனிதர். ஆனால் வருமானம் குறைவு. குடிப்பழக்கம் வேறு. வீடு நிறையக் குழந்தைகள். ஆல்பிரட்தான் மூத்த பிள்ளை. குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் தாயார். அந்தத் தாயாரிடம் ஆல்பிரட்டுக்கு அளவு கடந்த பாசம். பிற்காலத்தில் மந்திரிகளையே நடுங்க வைத்த அவர், தாயார் சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட்டார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஆல்பிரட் ஒரு மாணவர் பத்திரிகையை நடத்தினார். அன்றே அச்சு மை அவர் கையில் ஒட்டிக்கொண்டது. பிறகு போகவே இல்லை. கல்லூரிக்குப் போக வசதி இல்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதித்தார். சைக்கிள் பற்றிய பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

புதிய வாசகர்கள்

1870-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. அதன் பயனாக ஏழைகளின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆனால் அவர்கள் படிப்பதற்கு ஏற்ற பத்திரிகை இல்லை. அன்றைய பத்திரிகைகள் பெரிய மனிதர்களுக்காக நடந்தன. பத்தி பத்தியாகப் பார்லிமெண்டுப் பேச்சு. புரியாத நடை. விலையும் அதிகம்.

இந்தப் புதிய வாசகர்களை ஆல்பிரட் கண்டுகொண்டார். 1888-ம் ஆண்டு, "ஆன்சர்ஸ்" என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் பத்திரிகை அது.

மறு ஆண்டு ஒரு போட்டி வைத்தார். குறிப்பிட்ட ஒரு நாளில் இங்கிலாந்து வங்கியில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்பவருக்கு ஆயுள் முழுவதும் வாரம் 1 பவுன் பரிசு! 7 லட்சம் கார்டுகள் வந்து குவிந்தன. பத்திரிகையின் பெயர் நாடெங்கும் பரவியது.

தம்பி ஹெரால்டு கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். அண்ணன் எழுத்தைப் பார்த்துக்கொண்டார். தம்பி பணத்தைப் பார்த்துக்கொண்டார்.

அரைப் பென்னி பத்திரிகை

1896-ம் ஆண்டு மே 4-ந் தேதி "டெய்லி மெயில்" நாளிதழ் பிறந்தது. விலை அரைப் பென்னி. செய்திகள் சுருக்கமாக இருந்தன. நடை எளிமையாக இருந்தது. பெண்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. முதல் நாளே ஏறத்தாழ 4 லட்சம் பிரதிகள் விற்றன. போயர் யுத்தத்தின்போது விற்பனை 10 லட்சத்தை எட்டியது.

1905-ல் ஆல்பிரட்டுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. அன்றுமுதல் அவர் நார்த்கிளிப் பிரபு ஆனார். 1908-ல் புகழ்பெற்ற "தி டைம்ஸ்" பத்திரிகையும் அவர் கைக்கு வந்தது. மந்திரிகள் படிப்பது டைம்ஸ். வேலைக்குப் போகும் சாமானியன் படிப்பது டெய்லி மெயில். இரண்டுக்கும் எஜமானர் ஒருவரே! அவர் நினைத்தால் ஒரு விஷயத்தை நாடு முழுவதும் பேச வைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

யுத்தம் வந்தது

1914-ம் ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. இங்கிலாந்தில் அப்போது கட்டாய ராணுவச் சேவை கிடையாது. ஆட்கள் தாங்களாகவே வந்து சேர வேண்டும். ஆகவே சுவர்கள் பேசத் தொடங்கின.

அப்போது யுத்த மந்திரியாக இருந்தவர் கிச்சனர் பிரபு. இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவர். பெரிய மீசைக்காரர். அவர் கையை நீட்டி, பார்ப்பவரையே சுட்டிக்காட்டுவது போன்ற படம் ஒன்றை, ஆல்பிரட் லீட் என்ற ஓவியர் வரைந்தார். அது 1914 செப்டம்பர் 5-ந் தேதி ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. பிறகு சுவரொட்டியாகவும் ஆயிற்று.

வேறு பல சுவரொட்டிகளும் வந்தன. ஒன்றில், போருக்குப் போகும் வீரர்களைப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பெருமையுடன் பார்ப்பார்கள். இன்னொன்றில், மடியில் இருக்கும் மகள், யுத்தத்தில் அப்பா என்ன செய்தார் என்று கேட்பாள். அப்பா பதில் சொல்ல முடியாமல் விழிப்பார். வீரமும் வெட்கமும் சேர்ந்து இளைஞர்களைப் பட்டாளத்துக்குத் தள்ளின. 1916-ம் ஆண்டில் கட்டாயச் சேவை வரும்முன் சுமார் 25 லட்சம் பேர் தாங்களாகவே சேர்ந்தார்கள்.

உண்மை சொன்னதற்குத் தண்டனை

போர்முனையில் என்ன நடக்கிறது என்பது மக்களுக்குத் தெரியவில்லை. நிருபர்கள் அங்கே போகத் தடை இருந்தது. செய்திகளை அரசாங்கம் தணிக்கை செய்தது.

1915 மே மாதம். பிரான்சில் பிரிட்டிஷ் சேனை தாக்குதல் நடத்தியது. போதிய பீரங்கிக் குண்டுகள் இல்லை. வீரர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அந்த நாட்களில் நார்த்கிளிப்பின் தங்கை மகனும் போரில் இறந்தான். மருமகனைப் பறிகொடுத்த துக்கமும் கோபமும் சேர்ந்து அவரை வாட்டின.

முதலில் டைம்ஸ் பத்திரிகை குண்டுப் பஞ்சத்தை அம்பலப்படுத்தியது. மே 21-ந் தேதி டெய்லி மெயில், கிச்சனர் பிரபுவின் பெயரைச் சொல்லியே குற்றம் சாட்டியது. அவர் அனுப்பியது தவறான வகைக் குண்டு என்று நார்த்கிளிப் எழுதினார்.

நாடு கொதித்தது. ஆனால் மக்களின் கோபம் கிச்சனர் மீது பாயவில்லை. நார்த்கிளிப் மீதே பாய்ந்தது! சுவருக்குச் சுவர் தெய்வம் போல நின்ற கிச்சனரைக் குறை சொல்வதா? லண்டன் பங்கு மார்க்கெட்டில் டெய்லி மெயில் பிரதிகளைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். விற்பனை சரிந்தது.

நார்த்கிளிப் பின்வாங்கவில்லை. சில நாட்களில் மந்திரிசபை மாறியது. வெடிமருந்துக்கு என்று தனி இலாகா ஏற்பட்டது. லாயிட் ஜார்ஜ் அதன் மந்திரி ஆனார். குண்டு உற்பத்தி பெருகியது. நார்த்கிளிப் சொன்னது உண்மை என்பதை நாடு மெல்ல உணர்ந்தது.

பொய்யும் வந்தது

ஆனால் அதே பத்திரிகைகள் உண்மையை மட்டுமே சொல்லிவிடவில்லை.

1916 ஜூலை 1-ந் தேதி, பிரான்சில் சோம் நதிக்கரைப் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். ஆனால் பத்திரிகைகள் அதை நல்ல நாள் என்றே எழுதின. மகன் இறந்துவிட்டான் என்ற செய்தி வீட்டுக்கு வந்த பிறகே தாய்மாருக்கு உண்மை தெரிந்தது.

1917 ஏப்ரலில் அதைவிடக் கொடிய செய்தி ஒன்று வந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களைத் தொழிற்சாலையில் காய்ச்சி, கொழுப்பு எடுக்கிறார்கள் என்பது அந்தச் செய்தி. டைம்ஸ், டெய்லி மெயில் இரண்டுமே இதை வெளியிட்டன. ஜெர்மன் மொழியில் செத்த மிருகத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை மனிதப் பிணம் என்று மாற்றிச் சொன்னதால் வந்த வினை இது. காய்ச்சப்பட்டவை மிருகங்களின் உடல்களே. ஆனால் வதந்தி உலகைச் சுற்றியது.

பலூன் படை

ஜெர்மானியர்கள் நார்த்கிளிப்பைப் பரம எதிரியாகக் கருதினார்கள். 1917 பிப்ரவரியில் ஜெர்மன் போர்க் கப்பல்கள், கடற்கரை ஓரம் இருந்த அவர் வீட்டின் மீது குண்டு வீசின. அவர் உயிர் தப்பினார். தம்பி ஹெரால்டின் மகன்கள் இருவர் யுத்தத்துக்குப் பலியானார்கள்.

1918 பிப்ரவரியில், பிரதமராகிவிட்ட லாயிட் ஜார்ஜ், எதிரி நாடுகளில் பிரசாரம் செய்யும் பொறுப்பை நார்த்கிளிப்பிடம் கொடுத்தார். லண்டனில் குரூ மாளிகை என்ற வீட்டில் அலுவலகம் அமைந்தது.

முதல் குறி ஆஸ்திரியா - ஹங்கேரி சாம்ராஜ்யம். அதன் சேனையில் செக், ஸ்லோவாக், குரோவாத், போலந்து மக்கள் பலர் வேண்டா வெறுப்பாகச் சண்டையிட்டார்கள். அவரவர் தாய்மொழியில் துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. இத்தாலியப் போர்முனையில், எதிரி குழிக்கு அருகே கிராமபோன் பெட்டி வைத்து, அவர்கள் நாட்டுப் பாடல்களைப் பாட வைத்தார்கள். சொந்த ஊர்ப் பாட்டைக் கேட்ட சிப்பாய்களின் மனம் இளகியது. பலர் ஓடி வந்து சரண் அடைந்தார்கள்.

அடுத்த குறி ஜெர்மனி. விமானத்தில் இருந்து பிரசுரம் போட்டால், பிடிபட்ட விமானிகளுக்கு ஜெர்மானியர்கள் கடும் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆகவே பலூன் வந்தது. பலூனில் ஒரு திரி தொங்கும். பிரசுரக் கட்டுகள் அதில் கோத்து இருக்கும். திரி மெதுவாக எரியும். எரிய எரியக் கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழும். 1918 அக்டோபர் மாதத்தில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசுரங்கள் பறந்தன.

பிரசுரங்களில் இருந்தது என்ன? அமெரிக்க வீரர்கள் எத்தனை பேர் வந்து இறங்கினார்கள் என்ற கணக்கு. ஜெர்மன் சேனை எவ்வளவு தூரம் பின்வாங்கியது என்பதைக் காட்டும் படம். பொய் கலக்கக் கூடாது என்பதே குரூ மாளிகையின் விதி. சிப்பாய் கண்ணால் பார்ப்பதும் காகிதத்தில் படிப்பதும் ஒன்றாக இருந்தால்தான் அவன் நம்புவான் அல்லவா?

ஆனால் நார்த்கிளிப்பின் சொந்தப் பத்திரிகைகள், ஜெர்மானியர்கள் அனைவருமே கொடியவர்கள் என்று எழுதிக்கொண்டு இருந்தன. குரூ மாளிகையில் பணி செய்த எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இதை ஆட்சேபித்தார். நல்ல சமாதானம் தருவோம் என்று பலூனில் சொல்லிவிட்டு, பத்திரிகையில் பகையை வளர்த்தால் யார் நம்புவார்கள் என்பது அவர் கேள்வி. விரைவில் அவர் விலகிவிட்டார்.

கடைசி நாட்கள்

1918 நவம்பர் 11-ந் தேதி யுத்தம் நின்றது. மறுநாளே நார்த்கிளிப் பதவியை விட்டார். சமாதான மாநாட்டில் தமக்கும் பங்கு வேண்டும் என்று விரும்பினார். லாயிட் ஜார்ஜ் இடம் தரவில்லை. நண்பர்கள் பகைவர்கள் ஆனார்கள். 1919-ல் பார்லிமெண்டிலேயே பிரதமர் அவரைக் கேலி செய்தார்.

1921-ல் நார்த்கிளிப் உலகப் பயணம் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, ஜப்பான், சீனா, இந்தியா ஆகிய நாடுகளைப் பார்த்தார். திரும்பியபோது உடல் நலிந்திருந்தது. சித்தமும் கலங்கியது. கடைசி நாட்களில் நல்ல காற்றுக்காக லண்டன் வீட்டு மாடியில் ஒரு குடிசை அமைத்து, அங்கே படுக்க வைத்தார்கள். 1922 ஆகஸ்ட் 14-ந் தேதி, 57-வது வயதில் இறந்தார். மூத்த பிள்ளையைத் தாயார் தம் கண்முன்னே பறிகொடுத்தார். தம்மிடம் வேலை செய்த சுமார் 6 ஆயிரம் பேருக்கு 3 மாதச் சம்பளம் கொடுக்கும்படி நார்த்கிளிப் உயில் எழுதி வைத்திருந்தார்.

விதைத்தது முளைத்தது

அவர் போனார். அவர் செய்தவை போகவில்லை.

ஜெர்மனி தோற்றது, அதன் சேனை களைத்ததாலும், மக்கள் பட்டினியால் வாடியதாலும், அமெரிக்கா வந்து சேர்ந்ததாலும்தான். ஆனால் ஜெர்மன் தளபதிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. காகிதப் பிரசாரம்தான் எங்களைக் கவிழ்த்தது என்று சாதித்தார்கள். அதை நம்பியவர்களில் ஒருவர் ஹிட்லர். பிரிட்டிஷ் பிரசாரத்தைத் தமது நூலில் அவர் மெச்சி எழுதினார். 1933-ல் ஆட்சிக்கு வந்ததும் கோயபெல்சின் கீழ் பிரசாரத்துக்கு என்றே ஓர் இலாகா அமைத்தார். குரூ மாளிகையின் வேகத்தைக் கற்றுக்கொண்டார். அதன் உண்மையை விட்டுவிட்டார்.

பிணத் தொழிற்சாலைக் கதை ஆதாரமற்றது என்று 1925-ல் பிரிட்டிஷ் அரசாங்கமே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. மக்கள் வெட்கினார்கள். இனி இப்படிப்பட்ட செய்திகளை நம்பக் கூடாது என்று பலர் முடிவு செய்தார்கள்.

1942-ம் ஆண்டில், ஹிட்லரின் ஆட்கள் யூதர்களை லட்சக்கணக்கில் கொல்கிறார்கள் என்ற செய்தி லண்டனுக்கு வந்தது. இந்தத் தடவை அது பொய் அல்ல. ஆனால் முன்பு ஏமாந்தவர்கள் தயங்கினார்கள். இதுவும் பழைய பிணக் கதை போன்றதுதானோ என்று சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் தீருவதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

1917-ல் சொன்ன பொய்க்கு, 25 ஆண்டுகள் கழித்து, அதைச் சொல்லாதவர்களும் கேட்காதவர்களும் விலை கொடுத்தார்கள்.