கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் கண்டிக் கைவினைஞரும்

நாட்டை ஆண்டவர்களின் பெயர்களை நாம் பள்ளிக்கூடத்திலே மனனம் செய்கிறோம். அவர்கள் அமர்ந்த ஆசனத்தைச் செதுக்கிய தச்சன், அவர்கள் வணங்கிய கோயிலின் சுவரைத் தீட்டிய ஓவியன், அவர்கள் கையிற் பிடித்த வாளுக்கு வெள்ளிப்பூண் இட்ட கொல்லன் ஆகியோரின் பெயர்கள் நம் பாடப் புத்தகங்களில் இல்லை. இவ்வாறு மறைந்துபோகவிருந்த ஒரு தலைமுறைக் கைவினைஞரை உலகம் அறியச் செய்தவர் ஒரு தமிழர். கலாயோகி என்று நாம் போற்றும் ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி அவர்களே அப்பெருமகனார். இவ்வாண்டு மலரிலே அன்னாரின் வாழ்க்கையை, சிறப்பாகக் கண்டிக் கைவினைஞருக்காக அவர் செய்த பணியை, நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. இங்கிலாந்திலே நியாயவாதியாகப் பட்டம் பெற்ற முதல் இந்து அவரே. அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கில நாடகமாக்கி மேனாட்டார்க்கு அளித்த அவர், பாளி மொழியிலும் வல்லவராகிப் பௌத்த நூல்களையும் மொழிபெயர்த்தார். சைவராகிய ஒருவர் பௌத்த நூலை உவந்து மொழிபெயர்த்தமை நாம் மனங்கொள்ளத்தக்கது. மைந்தரிடத்தும் அப்பண்பு வேரூன்றி வளர்ந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இக்குடும்பத்தவரே. நம் கலாயோகிக்கு அவர்கள் அத்தை மக்கள்.

தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கெந்து மாகாணத்தைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னே, 1879இல் தந்தையார் காலமானார். தாயாரின் நாட்டிலேயே வளர்ந்த ஆனந்தர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவியியலும் தாவரவியலும் கற்று 1900இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பின்னர் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் அவரை வந்தடைந்தது. இளமையில் அவர் கற்றது கல்லும் மண்ணும் பற்றிய சாத்திரமே, கலை அன்று.

கனிமம் தேடி வந்தவர்

1903ஆம் ஆண்டு இலங்கையின் கனிமவள ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக அவர் தாய்நாடு வந்தார். தோரியனைற்று என்னும் அரிய கனிமம் உலகறிய வந்தது 1904இல் அவர் கண்ட பயன். அக்கண்டுபிடிப்போடு அவர் நின்றிருப்பாராயின் விஞ்ஞான நூல்களில் ஓர் அடிக்குறிப்பாக மட்டும் இருந்திருப்பார்.

ஆனால், கல்லைத் தேடிக் காட்டிலும் மேட்டிலும் நடந்தவரின் கண்ணிலே கிராமங்கள் பட்டன. பலாங்கொடைப் பக்கத்திலே பழைய முறைப்படி மண் உலை கட்டி, துருத்தி மிதித்து இரும்பு உருக்கும் கலையை அறிந்த முதியோர் அப்போதும் இருந்தனர். மாத்தளைப் பக்கத்திலே நகத்தால் அரக்கை இழுத்துப் பிரம்பின்மேல் வண்ணக் கோலமிடுவோர் இருந்தனர். தும்பறையிலே நாரை நெய்து யானையும் அன்னமும் தோன்றப் பாய் செய்வோர் இருந்தனர். இவர்களுள் பலர் வறியவர். இவர்களிடம் வேலை கொள்வோரும் அருகிவிட்டனர். பழைய விகாரைகளின் சுவரோவியங்களைப் பேணுவார் இல்லை. புதுப்பிக்கிறோம் என்று சொல்லி மட்டமான சாயத்தைப் பூசி அழிப்போரும் இருந்தனர்.

இதனைக் கண்டு மனம் வெதும்பிய குமாரசுவாமி, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி, முன்னோர் விட்டுச் சென்ற ஆலயங்களையும் வேலைப்பாடுகளையும் காக்குமாறு வேண்டினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்ற அவரே அதன் தலைவரானார். கண்மூடித்தனமாக மேனாட்டு நடையுடைகளைப் பின்பற்றுவதை அச்சங்கம் கண்டித்தது. நாட்டு மொழிகளைப் பாடசாலைகளிற் கற்பிக்க வேண்டுமென்று வாதாடியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கைகள்

அவர் மூன்று நான்கு ஆண்டுகளாகத் திரட்டிய செய்திகளின் பயனாக எழுந்ததே மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். பெயர் மத்தியகாலம் எனினும், அது பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் எஞ்சி விளங்கிய கைத்தொழில்களையே விரித்துரைக்கின்றது. அந்நூற்றாண்டின் பெரும்பகுதியிற் கண்டியை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் வழிவந்த மன்னர்கள். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 1747 முதல் 1782 வரை ஆட்சி புரிந்து, பாழடைந்த விகாரைகளைப் புதுக்கினான், தேவாலயங்களையும் ஆதரித்தான்.

அவன் காலத்திலே தொடங்கி 1786இல் நிறைவெய்திய தெகல்தொருவைக் குகைக் கோயிலின் ஓவியங்களைக் குமாரசுவாமி பெரிதும் வியந்தார். தெவரகம்பொல சில்வத்தென்னை என்னும் துறவி அவ்வோவியரிற் சிறந்தவர். சாதிலிங்கத்திற் சிவப்பு, மரப்பிசினில் மஞ்சள், வெண்களியில் வெள்ளை, விளக்குப் புகையிற் கறுப்பு எனச் சில நிறங்களே அவர்களிடம் இருந்தன. அச்சில நிறங்களைக் கொண்டே மாரனின் போரையும் வெஸ்ஸந்தரனின் தானத்தையும் சுவர் முழுதும் கதையாக ஓடவிட்டார்கள்.

ஓவியத்தைப் புகழ்வதோடு குமாரசுவாமி நிற்கவில்லை. ஓவியன் எப்படிப் பிழைத்தான் என்றும் கேட்டார். நம் நாட்டுக் கம்மாளரைப் போன்று சிங்களவரிடையே நவந்தன்னோ என்னும் கைவினைக் குலத்தார் உளர். தென்னிந்தியாவிலிருந்து வந்து சில தலைமுறைகளிற் சிங்களவராகவே ஆகிவிட்ட குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன. அரசவைக்கெனத் தனிப் பட்டறைகள் இருந்தன. அங்கு வேலை செய்தவனுக்கு மாதச் சம்பளம் இல்லை, நிலம் உண்டு. வயலை உழுது உண்டு, அதற்கீடாக அரசனுக்கோ கோயிலுக்கோ தன் தொழிலைச் செய்தான். சிறந்த வேலைக்குச் செப்பேட்டுடன் நிலமும் பட்டப்பெயரும் கிடைத்தன. பசிக்குப் பயந்து அவசரமாய் முடிக்க வேண்டிய நிலை இல்லாமையால் வேலை செவ்வனே நடந்தது என்பது குமாரசுவாமியின் முடிபு.

விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் சடங்கையும் அவர் விரிவாக விளக்கியுள்ளார். நம் ஆலயங்களில் நயனோன்மீலனம் என்கிறோமே, அதனை ஒத்தது இது. ஓவியன் கண்ணாடியிலே பார்த்தபடி புத்தர் சிலையின் கண்களை எழுதுவான். எழுதி முடித்ததும் அவன் கண்களைக் கட்டி வெளியே அழைத்துச் செல்வார்கள். கட்டவிழ்த்ததும் அவன் பார்வை முதன்முதலிற் படும் பொருளை வாளால் வெட்டுவான். தொழிலும் வழிபாடும் அங்கே வேறு வேறாய் இருக்கவில்லை.

மேனாட்டில் நடந்தது

ஐரோப்பாவிலும் அந்நூற்றாண்டு அலங்காரக் கலைகளின் பொற்காலமாகவே விளங்கியது. பிரான்சு மன்னன் பதினைந்தாம் லூயிக்காக ஓபன் என்னும் கலைஞர் 1760இல் தொடங்கிய எழுதுமேசையை, அவர் பட்டறையில் வேலை செய்த றீசனர் 1769இல் முடித்தார். பல நிற மரத்துண்டுகளை இழைத்துப் பூவும் கொடியும் பதித்த அம்மேசையை இன்றும் வேர்சேய் அரண்மனையிலே காணலாம். அதே 1769இலே இங்கிலாந்தில் யோசையா வெட்ஜ்வுட் என்பார் எற்றூறியா என்னும் மட்பாண்டத் தொழிற்சாலையைத் திறந்தார். அங்கே ஒருவன் வனைய, ஒருவன் கடைய, வேறொருவன் வண்ணந் தீட்ட, ஒரு பாண்டம் பல கைகள் மாறி முற்றியது.

1789இலே பிரெஞ்சுப் புரட்சி வந்தது, அரசவை கலைந்தது. தாம் செய்த பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது அவற்றுட் சிலவற்றைத் தாமே விலைகொடுத்து வாங்கிய றீசனர், முன்னைய செல்வம் திரும்பாமலே 1806இற் காலமானார். இலங்கையிலோ 1815இற் கண்டி அரசு வீழ்ந்தது. 1832இல் இராசகாரியம் என்னும் அரசூழியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலையால் வருந்திய பலருக்கு அது விடுதலையே எனினும், அரசவைக் கைவினைஞனுக்கு வேலை கொடுப்பார் இல்லாமற் போயினர். பின்னர்க் கப்பலில் வந்திறங்கிய மலிவுச் சரக்குகள் எஞ்சியதையும் அடித்துச் சென்றன. ஆதரிப்போர் மறைந்தால் கலைஞன் தளர்வான் என்பதற்கு இரு நாடுகளும் சான்று.

நூலும் ஒரு கைவினை

குமாரசுவாமி தம் நூலை யந்திர அச்சகத்திற் கொடுத்துவிடவில்லை. இங்கிலாந்திலே புரோட் காம்டன் என்னும் கிராமத்திற் குடியிருந்து, கைத்தொழில் இயக்கத்தின் தந்தையாகிய வில்லியம் மொரிஸ் முன்னர்ப் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலே, பதினைந்து மாதங்கள் தாமே மேற்பார்வை செய்து 1908இல் அச்சிட்டு முடித்தார். வெளிவந்தவை 425 பிரதிகளே. நூலை அணிசெய்யும் புகைப்படங்களிற் பல, ஆய்வுப் பயணங்களில் உடன்சென்ற அவர் மனைவியார் எதெல் எடுத்தவை. அவ்வம்மையார் பிற்காலத்திலே கைத்தறி நெசவில் இங்கிலாந்தெங்கும் புகழ் பெற்றார்.

அதன் பின்னர் கலாயோகியின் பார்வை இந்தியா முழுவதும் விரிந்தது. இந்தியக் கைவினைஞர் பற்றிய நூல் 1909இலும், இராசபுத்திர ஓவியம் பற்றிய நூல் 1916இலும் வெளிவந்தன. தாம் திரட்டிய ஓவியங்களை வைத்து இந்தியாவிலே ஒரு தேசியக் கலைக்கூடம் அமைக்க அவர் விரும்பினார், அவ்வெண்ணம் கைகூடவில்லை. 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் கலைக்கூடம் அவரை வரவேற்றது. சிவபெருமானின் ஆனந்தத் தாண்டவத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கிய கட்டுரையைக் கொண்ட தொகுதி 1918இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, எழுபதாண்டு நிறைவைக் கண்ட சில நாட்களிலே, அவர் இறைவனடி சேர்ந்தார். பாரத நாடு திரும்பி அமைதியாய் வாழ வேண்டுமென்ற எண்ணம் நிறைவேறவில்லை.

நாம் கொள்வதும் தள்ளுவதும்

அன்னார் கூறிய யாவற்றையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தந்தை செய்த தொழிலை மைந்தன் செய்யும் குலமுறையை அவர் உயர்வாய் மதித்தார். தோட்டத்திற் பிறந்தவன் கொழுந்துக் கூடைக்கும் பால்வெட்டுக் கத்திக்குமே உரியவன் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு அதனை ஏற்பது கடினம். பிறப்பால் தொழிலை வரையறுப்பதை நாம் தள்ளுவோம்.

ஆயினும் அவர் காட்டிய இன்னொன்று நமக்கு மிக வேண்டியது. கண்டிக் கைவினைஞன் தன் காலின் கீழ் நிலம் உடையவனாய் இருந்தமையால் தலை நிமிர்ந்து வேலை செய்தான். ஊவாவின் தேயிலை மலைகளையும் மொனராகலையின் இறப்பர்க் காடுகளையும் உண்டாக்கிய நம் முன்னோரின் கைகளும் வல்லமை வாய்ந்த கைகளே. ஆனால் அவர்களுக்கு நிலமும் இல்லை, செப்பேடும் இல்லை. லயக் காம்பராவும் நாட்சம்பளமுமே இருந்தன. உழைப்பவனுக்கு நிலமும் மதிப்பும் வேண்டும் என்னும் நம் மக்களின் கோரிக்கைக்குக் கலாயோகியின் நூலிலும் ஓர் ஆதாரம் உண்டு.

தமிழராகிய அவர் சிங்களக் கலையைத் தம் சொந்தப் பொருளாய்ப் பேணினார் என்பதையும் மறத்தல் கூடாது. கதிர்காமத்தில் இரு இனத்தாரும் ஒரே தெய்வத்தை வணங்கி நிற்கும் மாவட்டத்தில் வாழும் நமக்கு இதனைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. பதுளைக் கதிர்காம தேவாலயத்தின் மரவேலையையும், பொகொடையிற் கூரை வேய்ந்து நிற்கும் பழைய மரப்பாலத்தையும் நம் இளைஞர் சென்று காணல் வேண்டும்.

இறுதியாக, இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். நம் தோட்டங்களில் காமன் கூத்துக்கு முடியும் அணியும் செய்வோர், தப்புக்குத் தோல் கட்டுவோர், காவடி அலங்கரிப்போர், தேர்ச் சப்பரம் கட்டுவோர் உளர். அவர்களுட் பலர் முதியோர். இவ்வாண்டு திருவிழா முடியுமுன் ஒவ்வொரு தோட்டத்திலும் இருவர் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துச் சென்று, அப்பெரியோரிடம் அமர்ந்து, என்ன மரம், என்ன தோல், என்ன பசை, யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மேலே அவர்களின் பெயரையும் எழுதுங்கள். குமாரசுவாமி தொடங்கியதும் அவ்வாறே, கேட்டும் குறித்தும்தான்.